உம்மா கேட்ட மட்டித் தண்ணி

எங்கள் வாப்பா கிளிஞ்சல் வியாபாரி. பழவேற்காட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் எப்போது பார்த்தாலும் ஆள் உயரத்துக்கு மேல் கிளிஞ்சல் குவிந்து கிடக்கும். ஏரியில் அள்ளிப் படகில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கழுவிக் காயவைத்துச் சலித்து லாரியில் ஏற்றினால், கொஞ்சம் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், கொஞ்சம் கோழித்தீவனம் அரைக்கிற மில்லுக்குப் போகும், மிச்சம் கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்குப் போகும். இதை எதற்கு முதலிலேயே சொல்கிறேன் என்றால், கொல்லை நிறையக் கிளிஞ்சலை வைத்துக்கொண்டு, உயிருள்ள மட்டி ஒரு சட்டி கிடைக்காமல் நாய் படாத பாடு பட்ட குடும்பம் எங்களுடையது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

மட்டி என்றால் உயிரோடு இருப்பது. அது செத்து, சதை கரைந்து, ஓடு மட்டும் மிஞ்சினால் கிளிஞ்சல். சின்ன வயதில் எனக்கு இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைப்பு. கொல்லையில் இருப்பது வாப்பாவுடைய சரக்கு, சட்டியில் இருப்பது உம்மாவுடைய குழம்பு. பொன்னேரிக் கல்லூரியில் விலங்கியல் எடுத்தபோதுதான், அந்த ஓட்டை அந்தப் பிராணியே கட்டுகிறது என்று மண்டையில் ஏறியது. அதன் உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தசைப் போர்வை உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பை எடுத்து அந்தப் போர்வை ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக்கொண்டே போகும். ஓட்டின் மேல் வரி வரியாகத் தெரிகிறதே, அது அதன் வயசு. நண்டு மாதிரி ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வீடு பார்க்க அதற்கு வழியில்லை. பிறந்த வீடுதான் கடைசிவரைக்கும்.

இன்னொன்றும் படித்தேன். மட்டியின் ஓடு தானாக மூடியிருப்பதில்லை. முதுகுப் பக்கத்தில் இருக்கிற கீல் அதைத் திறக்கவே பார்க்கும். உள்ளே இருக்கிற தசை பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதால்தான் மூடியிருக்கிறது. உயிர் போனதும் தசை தளரும், ஓடு வாயைப் பிளந்துவிடும். பரீட்சைக்கு இதை எழுதி மார்க்கும் வாங்கினேன். எங்கள் உம்மாவுக்கு இதெல்லாம் படிக்காமலே தெரியும். மார்க்கெட்டில் வாங்கும்போது திறந்திருக்கிறதைத் தட்டிப் பார்ப்பாள். மூடிக்கொண்டால் சட்டிக்கு, மூடாவிட்டால் குப்பைக்கு.

எனக்குக் கல்யாணம் கும்மிடிப்பூண்டியில் ஆனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர்களுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் கடை. எங்களைப் போலவே தமிழ் பேசுகிற முஸ்லிம்கள்தான். ஆனால் மார்க்கச் சட்டத்தில் நாங்கள் ஷாஃபி வழி, அவர்கள் ஹனஃபி வழி. தொழுகையில் கை கட்டுவதில் கொஞ்சம் வித்தியாசம் என்றால் யார் கவலைப்படப் போகிறார்கள்? வித்தியாசம் அடுப்படியில் இருந்தது. கடலில் இருக்கிற எதையும் நாங்கள் ஆக்கித் தின்போம். அவர்களுக்கு மீனோடு சரி. நண்டு, மட்டி எல்லாம் ஆகாது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் பழவேற்காட்டிலிருந்து ஒரு தூக்கில் நண்டுக் குழம்பு எடுத்து வந்தேன். என் மாமி, அதாவது என் வீட்டுக்காரரைப் பெற்ற தாயார், தூக்கின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பூச்சியெல்லாம் கொழம்புல போட்டுக்கினு வந்துகீறே" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். "பூச்சி இல்ல மாமி, இது தின்னத் தெரிஞ்சவங்களுக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஏரியைப் பற்றிய பேச்சே கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, மாமி கெட்டவர் இல்லை. வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. சுத்தம் என்றால் உயிரை விடுவார். பாத்திரத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கிற சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் பொழுது விடியும்.

சுனாமி வந்துபோய்ச் சில வருடம் கழித்து உம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வேண்டும், அடிக்கடி வர வேண்டும் என்றார்கள். பழவேற்காட்டிலிருந்து பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கே ரயில் ஏறிப் போய்த் திரும்பினால் நல்ல உடம்பே நொந்துபோகும். எங்கள் வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் நடக்கிற தூரம், புறப்படுகிற இடம் என்பதால் உட்கார இடமும் கிடைக்கும். ஆனால் மகளைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதா என்று உம்மா முரண்டு பிடித்தாள். மாமிதான் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "சம்மந்தி, இது உங்க பொண்ணு ஊடு. வர்றீங்களா, இல்ல நான் வந்து தூக்கிக்கினு வரட்டா?" என்று அதட்டினார். உம்மா ஒரு பையோடு வந்து சேர்ந்தாள்.

முதல் தடவை மருந்து ஏற்றியபோது மாமியும் கூட வந்தார். அங்கே ஒரு நர்ஸம்மா, "ரத்தத்துல வெள்ளை அணு கம்மியாயிடும், சின்னக் கிருமி கூட ஆகாது, எதைக் குடுத்தாலும் சுத்தமா குடுங்க" என்று சொன்னார். அவ்வளவுதான். மாமிக்கு ஏதோ ஃபத்வா கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு டப்பா நிறைய பிளீச்சிங் பவுடர் வாங்கிவந்து வைத்தார். தொட்டித் தண்ணீரில் பவுடர், தரை துடைக்கப் பவுடர், உம்மாவின் துணி அலசுகிற வாளியில் பவுடர். வீடே முனிசிபாலிட்டி தண்ணி டேங்க் மாதிரி வாசம் அடித்தது. உம்மா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்வாள்: "உன் மாமி என்னயும் ஒருநா அதுல முக்கி எடுத்துடுவாங்க போல கீதே."

மருந்து ஏற ஏற உம்மாவுக்கு நாக்கு செத்துப்போனது. கஞ்சி வைத்தால் மண் மாதிரி இருக்கிறது என்பாள். ஆட்டுக்கால் சூப், பழச்சாறு, எல்லாம் செய்து பார்த்தோம். உதட்டை இறுக மூடிக்கொள்வாள், பச்சைக் குழந்தை கூட அப்படி அடம் பிடிக்காது. நான் கெஞ்சுவேன், பிறகு கத்துவேன், பிறகு அடுப்படியில் போய் அழுவேன். ஒருநாள் கத்தி முடித்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கையில், அவளாகவே சொன்னாள்.

"மட்டித் தண்ணி கெடச்சா குடிப்பேன்மா."

எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதுதான் மருந்து. மட்டியைச் சட்டியில் போட்டு மூடி, அடியில் பிடிக்காத அளவுக்கு மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து அடுப்பில் வைப்பாள். சூடு ஏறியதும் ஒவ்வொன்றும் திறந்து தன் தண்ணீரைத் தானே விடும். பால் கலங்கலாக ஒரு தண்ணீர். அதை வடிகட்டி, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு, ஒரு கொதி. குடித்தால் காதுமடல் வரைக்கும் சூடு ஏறும். உப்பே போட வேண்டாம், ஏரியின் உப்பு அதிலேயே இருக்கும். சதை பிள்ளைகளுக்கு, தண்ணி நோயாளிக்கு.

அல்லாவே, வாயைத் திறந்து கேட்டாளே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் இது யார் வீடு? வீட்டுக்காரரை விட்டு மாமியிடம் கேட்கச் சொன்னேன். அவர் "நீயே கேளு" என்று கடைக்கு நழுவிவிட்டார். நானே போய்க் கேட்டேன். மாமி தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டி முடித்து மணியை மடியில் வைத்தார்.

"எங்களுக்கு ஆகாது. உங்கம்மாக்கு ஆகும்னா அவங்க சாப்புடட்டும், அதுல எனக்கு இன்னா. ஆனா என் பாத்திரத்துல வேணாம்மா. பின்னாடி தனியா அடுப்பு வெச்சிக்க."

அன்று சாயங்காலமே பஜாருக்குப் போய், ஒரு புது அலுமினியச் சட்டியும் ஒரு பிளாஸ்டிக் டப்பும் அவரே வாங்கிவந்து கொல்லைப்புறத்தில் வைத்தார். நான் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

சட்டி வந்தது, டப் வந்தது, மட்டிதான் வரவில்லை. வாப்பாவுக்குப் போன் போட்டேன். "மொகத்துவாரம் அடைச்சிக்கினு கீதும்மா" என்றார். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற அந்த வாய், மண் மூடி அடைத்துவிட்டிருந்தது. கடல் தண்ணீர் உள்ளே வந்து போனால்தான் ஏரிக்கு மூச்சு. வராமல் நின்றுவிட்டால், வெயிலில் தண்ணீர் குறைந்து, உப்பு ஏறி, சேறு சூடாகி, உள்ளே இருக்கிறதெல்லாம் சாகும். "மட்டியெல்லாம் செத்து வாயத் தொறந்துக்கினு கெடக்குது. ஓடுதான் கீது. லாரி லாரியா கீது." வாப்பாவின் குரல் போனில் தேய்ந்தது. அந்த வருடம் வியாபாரம் நல்ல வியாபாரம். அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது என்று இப்போது புரிகிறது. மட்டி சாகாமல் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே இல்லை, அதை நாங்கள் யாரும் அதுவரை யோசித்ததும் இல்லை.

அவர் சொன்னதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பழவேற்காடு போனேன். கரையோரம் முழுக்க வெள்ளை வெளேரென்று ஓடு. குனிந்து குனிந்து எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஒன்று மூடியிருந்தது. ஆசையாகப் பிளந்தால் உள்ளே கறுப்புச் சேறும் நாற்றமும்தான். மீன் விற்கிற பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "கெளிஞ்ச வியாபாரி பொண்ணு மட்டி தேடிக்கினு வந்துகீதுடீ!" என்று ஒருத்தி கத்தினாள். விஷயம் தெரிந்ததும் அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கனா கண்ணுல பட்டா சொல்றேன், நீ போம்மா" என்றாள். திரும்பி வருகிற வழியில் எங்கள் கொல்லையைக் கடந்தேன். அந்தக் குவியலை எட்டி உதைத்தேன். சரசரவென்று சரிந்து என் காலை மூடியது, அவ்வளவுதான் நடந்தது.

மெட்ராஸ் மார்க்கெட்டில் மட்டி ஜாதியில் கடல் ஆளி கிடைத்தது. பச்சை ஓடு, பெரிது பெரிதாக. அதையாவது வைப்போம் என்று தண்ணி எடுத்துக் கொடுத்தேன். உம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தாள். "இது கடல் வாசம். நம்ம ஏரி இல்லியே" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் கூடத் தேவலாம். அவள் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

ஆடி மாதம் அது. ஒருநாள் காலையில் வாப்பாவின் கிளிஞ்சல் லாரி எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, நனைந்த கோணிமூட்டை ஒன்றையும் கேன் நிறைய ஏரித் தண்ணீரையும் இறக்கினான். அந்த மீன்காரப் பெண் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தாள். வடக்கே ஓர் ஓடை சேருகிற இடத்தில், சேற்றுக்கு அடியில், கையால் துழாவித் துழாவிக் கிடைத்தது. அங்கே இருந்தது அத்தனையும் அவ்வளவுதான் என்று வாப்பா போனில் சொன்னார். ஒரு சட்டிக்குச் சரியாக இருக்கும்.

அன்றைக்கு உம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள். கேன் தண்ணீரை டப்பில் ஊற்றி மட்டியைப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக லேசாகத் திறந்து, இரண்டு சின்னக் குழாயை வெளியே நீட்டின. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டப்பின் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "பாரு, பாரு, மூச்சு வுடுது" என்றாள். விரலை விட்டு ஒன்றைத் தொட்டாள். சடாரென்று மூடிக்கொண்டு அவள் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது. எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் உம்மா பல் தெரியச் சிரித்தாள்.

மட்டியை உடனே ஆக்க முடியாது. வாய்க்குள் இருக்கிற மண்ணைக் கக்க வேண்டும். சொந்தத் தண்ணீரிலேயே பகல் முழுக்கக் கிடந்தால் கக்கிவிடும். மாமி அடுப்படியில் எங்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தார். போகிற அவசரத்தில் எட்டிப்பார்த்து, "மாமி, மட்டி டப்புல கீது. அழுக்கு போறதுக்காகத் தண்ணில போட்டு வெச்சிகீறேன். வந்து ஆக்கிக்கிறேன்" என்றேன். "நீ போய் வா, நான் பாத்துக்குறேன்" என்றார் மாமி.

ரயிலில் திரும்பி வரும்போது உம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு பூண்டு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று எனக்கே வகுப்பு எடுத்தாள். "மொளகு நைசா இடிக்காதே. தட்டிப் போடு." மீஞ்சூர் தாண்டியதும், "பசிக்குதும்மா" என்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். அந்த வார்த்தையைக் கேட்க என்னவெல்லாம் நேர்ச்சை வைத்திருந்தேன்! ஸ்டேஷனிலிருந்து நடக்க வேண்டாமென்று ஆட்டோ பிடித்தோம்.

மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க சம்மந்தி, வந்து பாருங்க" என்று உம்மாவின் கையைப் பிடித்து நேரே கொல்லைப்புறத்துக்கு அழைத்துப்போனார்.

டப்பில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அந்தப் பிளீச்சிங் வாசம் எனக்குத் தூரத்திலேயே அடித்துவிட்டது. மட்டி ஒவ்வொன்றும் பாலில் கழுவின மாதிரி வெள்ளை. ஒரு துளி சேறு இல்லை. எல்லாம் வாயைப் பிளந்திருந்தன.

"நாத்தம்னா நாத்தம், அப்டியொரு நாத்தம்மா அந்தத் தண்ணி! சேறும் சகதியுமா. நர்ஸம்மா இன்னா சொல்லிக்கீறாங்க? அதான் அதக் கீழ ஊத்திட்டு, நல்ல தண்ணி புடிச்சி, ஒரு கை பவுடர் போட்டு ஊறவெச்சேன். அப்பால ஒண்ணொண்ணா எடுத்து நாரு போட்டுத் தேச்சேன். அழுக்கு போனதும் தானா தொறந்துக்கிச்சி பாரு!"

மாமியின் கை இரண்டும் விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. மட்டி என்றால் பூச்சி என்ற மனுஷி. பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிற மனுஷி. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தேய்த்திருக்கிறார், என் உம்மாவுக்காக.

நான் குனிந்து ஒன்றைத் தட்டினேன். இன்னொன்றைத் தட்டினேன். டப்புக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றாவது, யா அல்லா, ஒன்றாவது மூடாதா என்று துழாவினேன். எல்லாம் வெறுமனே என் விரலில் பட்டுப் புரண்டன. தொண்டை வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. உங்களை யாரு தொடச் சொன்னது, உங்க சுத்தத்துல இடி விழ, என்று வாயைத் திறந்தே விட்டேன். சத்தம் வெளியே வருமுன் உம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நோயாளிக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"எம்மாம் வெள்ளையா கீது சம்மந்தி" என்றாள் மாமியிடம். "நான் கூட ஒருநாளும் இப்டி கழுவுனதில்ல."

மாமி பூரித்துப்போனார். நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ரூமுக்குள் போனதும் உம்மா சொன்னாள்: "அவங்ககிட்ட சொல்லிடாதே. சாகற வரைக்கும் தன்னோட கைய அவங்க மன்னிக்கமாட்டாங்க." நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மாமி மேல் படலாமா? முகத்துவாரத்தை மூடின மண் மேல் படலாமா? கோபத்தை வைத்தே பிழைத்தவள் நான், அன்றைக்கு அதை இறக்கிவைக்க ஓர் இடம் இல்லாமல் பேஜாராகிப்போனேன்.

மாமியிடம், டாக்டர் இன்றைக்குத்தான் மட்டி கொடுக்கக்கூடாது என்று சொன்னார், வந்த சந்தோஷத்தில் மறந்துவிட்டோம் என்று உம்மாவே சொல்லிவிட்டாள். மாமிக்கு வந்ததே ஆத்திரம்! "அந்த டாக்டருக்கு இன்னா தெரியும்? ஆச ஆசையா கேட்டாங்க, ஒரு வாய் குடிச்சா இன்னா ஆயிடும்? அடுத்த தடவ நான் வந்து கேக்கறேன் அந்தாள!" உம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டப்பிலிருந்ததை நான் கொல்லைப்புறத்து வாழைக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தேன். வாப்பாவுக்குப் போன் போட்டேன், இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று. அவர் "தேடுறோம்மா" என்றார். தேடினார்கள். கிடைக்கவில்லை.

அதன் பிறகு உம்மா மட்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. பசிக்கிறது என்றும் சொல்லவில்லை. எதைக் கொண்டுபோனாலும் உதட்டை மூடிக்கொள்வாள், நானும் கத்துவதை விட்டுவிட்டேன். கடைசி அன்று பகலில் மாமி மக்காவிலிருந்து வந்த ஜம்ஜம் தண்ணீரை ஸ்பூனில் எடுத்துப் பிஸ்மி சொல்லி உதட்டில் வைத்தார். அதற்கு மட்டும் வாயைத் திறந்தாள். பள்ளிவாசலில் மதியத்து ளுஹர் பாங்கு சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டாள். வாய் திறந்தபடியே இருந்தது. மாமிதான் வெள்ளைத் துணியைக் கிழித்துத் தாடையைச் சேர்த்துக் கட்டினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பரீட்சைக்குப் படித்தது அந்த நேரத்தில் வந்து நின்றது, உயிர் போனால் தசை தளரும் என்று. எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பழவேற்காட்டில் அடக்கம் செய்தோம். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் அங்கே வாப்பா வீட்டில்தான். போனவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் ஆக்கி ஓதி, வந்தவர்களுக்குக் கொடுப்பது எங்கள் பக்க வழக்கம். அதற்குள் ஐப்பசி மழை அடித்து, ஆட்கள் மண்ணை வெட்டிவிட்டு, முகத்துவாரம் திறந்துகொண்டிருந்தது. கடல் உள்ளே வந்தது. சேற்றுக்குள் ஆழத்தில் எங்கேயோ உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்த மட்டியெல்லாம் மேலே வர ஆரம்பித்துவிட்டன. அந்த மீன்காரப் பெண் கேட்காமலே கூடை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். காசு வாங்க மாட்டேன் என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான் ஓர் அலுமினிய அன்னக்கூடையில் ஏரித் தண்ணீரை நிரப்பி மட்டியைப் போட்டு வைத்தேன். அன்று ஒன்று கிடைக்கவில்லையே, இன்றைக்கு எதற்குடா இத்தனை என்று அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வந்திருந்த பெண்களிடம் மாமி உம்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு ஆச பட்டாங்க. நானே என் கையால கழுவி வெச்சேன். அந்தப் பாவி டாக்டரு வேணாம்னுட்டான். எனக்கு அதான் ஆறவே இல்ல." இதை அவர் எல்லாரிடமும் சொல்லி நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அன்றைக்கும் அரிசி களையப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், மாமி அன்னக்கூடைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். மடியில் தேங்காய் நார். கும்மிடிப்பூண்டியிலிருந்து பையில் போட்டு எடுத்துவந்த பிளீச்சிங் பவுடர் டப்பா பக்கத்தில்.

"சம்மந்திக்கு இன்னிக்காவது நல்லா கழுவி ஆக்கிப் போடுவோம்" என்று சொல்லிக்கொண்டே டப்பாவின் மூடியைத் திருகினார்.

நான் கையிலிருந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடி அவர் கையைப் பிடித்தேன். "வேணாம் மாமி, பவுடர் வேணாம்."

"ஏம்மா?"

என்னத்தைச் சொல்வது? "இங்க அப்டியே ஆக்குவோம் மாமி" என்று ஏதோ உளறினேன். "இன்னா அப்டியே? சேறா கீது பாரு" என்று மாமி மறு கையைத் தண்ணீருக்குள் விட்டு ஒன்றை எடுத்தார். அது குழாயை நீட்டிக்கொண்டிருந்தது. அவர் விரல் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு சடாரென்று மூடியது. மூடுகிறபோது அவர் கன்னத்தில் தண்ணீரைப் பீய்ச்சியது.

"அல்லா!" என்று மாமி அலறினார். ஆனால் கையை உதறவில்லை. அன்னக்கூடைக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே எல்லாம் லேசாகத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. இன்னொன்றைத் தொட்டார். மூடியது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் மூடியது. பிறகு தொடவில்லை.

"இது உசுரோடவா கீது?"

"ஆமா மாமி."

"அன்னிக்கும்?"

டாக்டர்தான் மாமி, என்று ஆரம்பித்தேன். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் உரிந்த இடமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

"சம்மந்திக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் குனிந்து, கொட்டின அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தேன்.